நாலாவது அனுமானம்

அங்கப்பனுக்கு மயில்சாமியின் மேல் பொறாமை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. காலையில் பல் விளக்கும்போதே தொடங்கிவிடும் பொறாமை. பீளமேட்டு பஸ்ஸில் கூடவே ஏறி, டிபார்ட்மென்ட் வராந்தாவில் கூடவே இறங்கும்.

வராந்தாவில்தான் தபால் அடுக்கு இருந்தது. மயில்சாமியின் பெயருக்கு வாரம் ஒரு வெளிநாட்டு நீலக் கவராவது வந்துவிடும். அங்கப்பனின் பெயர் ஒட்டிய கட்டத்தில் கூட்டுறவுச் சங்கத்து நோட்டீசும், மாணவர்களின் லீவ் லெட்டரும். போதாக்குறைக்கு மயில்சாமி அந்தத் தபால்தலைகளைக் கிழியாமல் உரித்தெடுத்து, "பாப்பாவுக்குங்க சார்" என்று அங்கப்பனிடமே கொடுப்பான். அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போக வேண்டும். மகள் சண்முகப்பிரியா ஒரு நோட்டு நிறைய ஒட்டி வைத்திருந்தாள். "ஏனுங்ப்பா, உங்களுக்கு ஏன் லெட்டரே வர்றதில்ல?" என்று ஒருநாள் கேட்டே விட்டாள். குழந்தைதான், ஆனால் அன்றைக்கு அவன் பாதி இட்லியோடு எழுந்துவிட்டான்.

இருவருக்கும் ஒரே கைடு, பேராசிரியர் ஷேக் பரீத். ஒரே துறை. ஒரு புரோகிராமை ஆயிரம் தடவை ஓட்டிப் பார்த்தாலும் ஆயிரத்தோராவது தடவை சறுக்காது என்று யார் உத்தரவாதம் தருவது? அதனால் ஓட்டிப் பார்ப்பதோடு நிற்காமல், பள்ளிக்கூடத்தில் முக்கோணத் தேற்றத்தை நிரூபிக்கிற மாதிரி, இந்தப் புரோகிராம் தப்பவே தப்பாது என்று காகிதத்தில் வரிவரியாக நிரூபிப்பது. ஃபார்மல் மெத்தட்ஸ் என்று அதற்குப் பெயர். கோயமுத்தூரில் அப்போது இதைச் சொன்னால், "அதுல வேல கெடைக்குமுங்களா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள்.

அங்கப்பன் இதில் முதலில் இறங்கியவன். அங்கேயே பாடம் நடத்திக்கொண்டு, எண்பத்தெட்டில் பி.எச்டிக்குப் பதிந்தான். மூன்றாம் அத்தியாயத்தை முடித்துவிட்டு நிமிர்ந்தபோது, ஸ்காட்லாந்துக்காரன் ஒருவன் அதே தேற்றத்தைப் பாதிப் பக்கத்தில் நிரூபித்து அச்சில் போட்டுவிட்டான். அதைத் திருத்தி எழுதுகிறேன், எழுதுகிறேன் என்று ஏழு வருஷம். ஷேக் பரீத் கேட்பதையே நிறுத்திக்கொண்டார்.

மயில்சாமி வந்தது தொண்ணூற்றிரண்டில். பொள்ளாச்சிக்குத் தெற்கே அங்கப்பனின் அப்பாவுடைய தென்னந்தோப்பில் பண்ணையத்து வேலை பார்த்த சின்னத்தாயியின் மகன். ஹாஸ்டலிலும் ஸ்காலர்ஷிப்பிலும் படித்து வந்தவன். அவன் பிளஸ் டூ படிக்கும்போது தன்னுடைய பழைய கணக்குப் புத்தகத்தை, பென்சில் குறிப்புகளோடு, தூக்கிக் கொடுத்தவன் அங்கப்பனே. அன்றைக்குக் கொடுக்கும்போது நெஞ்சு நிறைந்துதான் இருந்தது. இன்றைக்கு நினைத்தால், ஏன் கொடுத்துத் தொலைத்தோம் என்றிருந்தது. பெரிய மனசு என்பதெல்லாம் எதிராளி நமக்குக் கீழே இருக்கிறவரைக்கும்தானே ஐயா! இதைச் சொன்னால் கோபித்துக்கொள்கிறார்கள்.

இதிலே இன்னொரு கூத்து. மயில்சாமியின் ஆராய்ச்சிக்குக் கிணறு கொடுத்ததும் அங்கப்பன்தான்.

அது தோப்பில் இருந்த பங்குக் கிணறு. பாதி அங்கப்பனின் அப்பாவுக்கு, பாதி அவருடைய பங்காளி மாசாணத்துக்கு. ஒரே மோட்டார். மோட்டார் ரூமுக்கு ஒரே பூட்டு, ஒரே சாவி. ஒரு நாள் அப்பாவின் முறை, மறுநாள் மாசாணம் சித்தப்பாவின் முறை. விடிந்ததும் சாவி கைமாறும். இதில் வில்லங்கம் எங்கே வந்தது என்றால் கரண்டில். ஒரு முறைக்கு ஆறு மணி நேரம் வரும், அடுத்த முறைக்கு ஒன்றரை மணியோடு போய்விடும். யார் வயிறெரிந்தாலும் மின்சார வாரியத்துக்குக் கேட்காது. இதைப் பற்றி ஒருநாள் கேன்டீனில் அங்கப்பன் சிரித்துக்கொண்டே சொல்ல, மயில்சாமி அதைக் கப்பென்று பிடித்துக்கொண்டான்.

சிங்காநல்லூரில் ஒரு சின்னப் பட்டறையில் பெட்டி செய்யக் கொடுத்தான். டிபன் பாக்ஸ் அளவு. அதற்குள் ஒரு சில்லு, சில்லுக்குள் முந்நூறு வரி புரோகிராம். கரண்டு இருந்த நேரத்தை மட்டும் எண்ணி, இருவருக்கும் சமமாக முறையை மாற்றிக்கொண்டே போகும். பச்சை விளக்கு எரிந்தால் அப்பாவின் முறை, மஞ்சள் எரிந்தால் சித்தப்பாவின் முறை. விளக்கைப் பார்த்துச் சாவி கைமாறும். இரண்டு வாய்க்கால் முகத்திலும் ஒவ்வொரு மிதவை வைத்து அதற்கும் வயர் இழுத்திருந்தான். எந்தப் பத்து நாளை எடுத்தாலும் இருவர் பெற்ற தண்ணீருக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் வராது. இதுதான் அவனுடைய தேற்றம்.

தேற்றம் என்றால் அனுமானங்கள் வேண்டும். எதையெதை உண்மை என்று எடுத்துக்கொண்டு தொடங்குகிறோம் என்று முதலிலேயே சொல்லியாக வேண்டும். கிணற்றுக்காரன் அங்கப்பன்தானே, அதனால் அவனே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தான். ஒன்று, மோட்டார் ஒன்றுதான். இரண்டு, கரண்டு எப்போதும் போகலாம், எப்போதும் வரலாம். மூன்று, பெட்டியை யாரும் திறக்க மாட்டார்கள். நான்கு, எந்த நேரத்திலும் சாவி ஒருவர் கையில்தான் இருக்கும்.

நாலாவதை எழுதும்போது மயில்சாமி, "இது கண்டிப்பா வேணுமுங்களா சார்?" என்று கேட்டான்.

"ஏன், சந்தேகமா? எங்க ஊட்டுல அதுல பிசகே கெடையாது."

மயில்சாமி நாலாவது வரியை இன்னொரு முறை படித்தான். அப்புறம், "செரிங்க சார்" என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

அந்தத் தேற்றம்தான் வெளிநாட்டு மாநாட்டில் அரங்கேறியது. அதற்குத்தான் நீலக் கவர்கள் வந்தன. கடைசியாக வந்த கவரில், இங்கிலாந்தில் இரண்டு வருஷ ஆராய்ச்சிப் பதவி. செப்டம்பருக்குள் டாக்டர் பட்டம் கையில் இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. தொண்ணூற்றேழு ஜூலையில் வைவாவுக்கு நாள் குறித்தார்கள். வைவா என்றால் பட்டம் கொடுக்கும் முன் நடக்கும் வாய்மொழித் தேர்வு, அதுவும் பொதுச் சபையில். யார் வேண்டுமானாலும் எழுந்து கேள்வி கேட்கலாம்.

யார் வேண்டுமானாலும்! இந்த இரண்டு சொற்கள் அங்கப்பனின் மண்டைக்குள் புகுந்துகொண்டன. தீசிஸின் ஒரு பிரதியை வீட்டுக்குக் கொண்டுவந்தான். நூற்று நாற்பத்திரண்டு பக்கம். சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தான். தன் தீசிஸைக்கூட அவன் அப்படிப் படித்ததில்லை. ஒவ்வொரு வரியையும் மறுபடி போட்டுப் பார்த்தான், ஒவ்வொரு படியிலும் காலை வைத்து மிதித்துப் பார்த்தான், எதுவும் ஆடவில்லை. இரண்டு மாதத்தில் அகப்பட்டது எழுபத்தொன்றாம் பக்கத்தில் ஒரு அச்சுப்பிழை. அதைவிடக் கொடுமை, படிக்கப் படிக்க அது அழகாக இருந்தது. அங்கப்பன் நாலு பக்கம் எடுத்துக்கொள்ளும் இடத்தை மயில்சாமி ஆறு வரியில் தாண்டியிருந்தான். நூற்றிரண்டாம் பக்கத்தில் அங்கப்பன் தன்னை மறந்து "அடடா" என்று சொல்லிவிட்டான். சொன்ன வாயை அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"அந்தப் புஸ்தகத்தை எதுக்குங்க இப்படிக் கடிச்சுத் திங்கறீங்க?" என்றாள் மனைவி கோமளா.

"தப்பு இருக்கான்னு பாக்கறேன்."

"இருந்தா?"

"சொல்லோணும்ல."

"இப்பவே அவர்கிட்டச் சொன்னா உபகாரம். சபையில சொன்னா அதுக்குப் பேரு வேறயுங்க." அவள் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

வைவாவுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அங்கப்பன் ஊருக்குப் போனான். கிணற்றுக்காரர்கள் இருவரும் வைவாவுக்கு வர வேண்டும் என்று மயில்சாமிக்கு ஆசை. தானே வந்து அழைக்கக் கூச்சப்பட்டு அங்கப்பனை அனுப்பியிருந்தான். தூது வேறு!

பஸ் இறங்கி நடக்கையில் மாசாணம் சித்தப்பா எதிரே வந்தார். அன்று அவருடைய முறை. அரைஞாண் கயிற்றில் மோட்டார் ரூம் சாவி தொங்கிக்கொண்டிருந்தது. "வா கண்ணு. நம்ம மயில்சாமி டாக்டராவறானாமா? வாரேன் வாரேன், கண்டிப்பா வாரேன்" என்றார்.

வீட்டில் அப்பா பெட்டியைத் திட்டிக்கொண்டிருந்தார். "அந்தப் பொட்டி வந்ததுலேருந்து நம்ம தென்னைக்குத் தண்ணி பத்தறதில்லப்பா. சமமாக் குடுக்குதாமா, சமமா!"

"சமமாத்தானுங்ப்பா குடுக்கும். அதுதான் தேற்றமே."

"என்ன தேத்தமோ போ. பீரோவுல என்ற கண்ணாடி இருக்குது, எடு."

அங்கப்பன் பீரோவைத் திறந்தான். கண்ணாடிக் கூட்டின் அடியில், பழைய விபூதி டப்பாவுக்குள், ஒரு சாவி. எடுத்துப் பார்த்தான். நீளமான கழுத்து, மூன்று பல், வளையத்தில் ஒரு வெட்டு. அரை மணி நேரத்துக்கு முன்னால் சித்தப்பாவின் இடுப்பில் தொங்கியதும் இதே சாவிதான். ஒரே நாளில் இரண்டு இடத்தில்.

"இதென்னங்ப்பா?"

அப்பாவின் முகம் ஒரு நிமிஷம் சுருங்கியது. அப்புறம் சிரித்து மழுப்பினார். "எழுவத்தி நாலு பஞ்சத்துல, டவுன்ஹால் பக்கம் போனப்ப ஒண்ணு அடிச்சு வெச்சுகிட்டேன். உன்ற சித்தப்பன் மொறையில வியாழக்கெழம வந்தா, அவன் சந்தைக்குப் போயிருவான். மத்தியானம் ரெண்டு மணி நேரம் நம்ம பக்கம் திருப்பிக்கறது. புள்ளயாட்டம் வெச்ச தென்னைப்பா, கண்ணு முன்னால காஞ்சா பாத்துட்டு இருக்க முடியுமா? இப்பல்லாம் அதுல சொகமில்ல. பொட்டி வந்ததுக்கப்பறம் விட்டாச்சு."

ஏன் சுகமில்லை என்று கேட்டிருக்க வேண்டும். ஆராய்ச்சி செய்கிறவன் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். அங்கப்பன் கேட்கவில்லை. அவன் காதில் வேறு மேளம் கொட்டிக்கொண்டிருந்தது. சாவி இரண்டு! நாலாவது அனுமானம் பொய்! சித்தப்பாவின் விளக்கு எரியும்போது அப்பா கள்ளச்சாவி போட்டுத் தண்ணீரைத் தன் பக்கம் திருப்பினால், அந்த நேரமும் சித்தப்பாவின் கணக்கில்தான் ஏறும். தேற்றம் செத்தது. நூற்று நாற்பத்திரண்டு பக்கமும் செத்தது. அப்பா திருடன் என்பது நியாயமாக முதலில் உறைத்திருக்க வேண்டும். இரண்டாவதாகத்தான் உறைத்தது, அதுவும் பஸ் கிணத்துக்கடவு தாண்டிய பிறகு. சாவி அவன் சட்டைப் பையில் இருந்தது. அப்பாவிடம் கேட்காமலே எடுத்து வந்திருந்தான்.

பெயர் சொல்லாமல் கேட்டால் போயிற்று என்று முடிவு செய்தான். 'நாலாவது அனுமானம் தவறினால்?' அவ்வளவுதான். கணக்குக் கேள்வி. யார் வீட்டுச் சாவி என்று யாருக்குத் தெரியப்போகிறது? அந்தச் சாவியைப் பற்றித் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர், அப்பாவும் அவனும். இப்படித்தான் எண்ணினான்.

வைவா அன்று செமினார் ஹால் நிறைந்துவிட்டது. முன்வரிசையில் அப்பாவும் மாசாணம் சித்தப்பாவும், சலவை வேட்டியில், மாப்பிள்ளை வீட்டார் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். கடைசி வரிசைக்கும் பின்னால், சுவரோரம், சின்னத்தாயி புதுச் சேலையில் நின்றுகொண்டிருந்தாள். ஷேக் பரீத் தானே எழுந்து போய் நாற்காலி காட்டிய பிறகுதான் உட்கார்ந்தாள், அதுவும் நுனியில். சென்னையிலிருந்து வந்த எக்ஸாமினர் கறாரான மனிதர். ஆனாலும் மயில்சாமி புரொஜெக்டரில் தாள்களை மாற்ற மாற்ற, அவர் தலை தானாக ஆட ஆரம்பித்தது. ஒன்றேகால் மணி நேரம். இங்கிலாந்து போய்ச் சேர்ந்துவிட்டான் என்றே சபை முடிவு கட்டிவிட்டது.

"வேற கேள்வி?"

அங்கப்பன் எழுந்தான். "நாலாவது அனுமானம். சாவி ஒருத்தர் கையிலதான் இருக்கும்னு எடுத்திருக்கீங்க. ரெண்டாவது சாவி ஒண்ணு இருந்தா, தேற்றம் நிக்குமா?"

அப்பாவின் பிடரி விறைத்ததை அவன் பின்னாலிருந்தே பார்த்தான். சித்தப்பா ஒன்றும் புரியாமல் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். மயில்சாமி புரொஜெக்டரை அணைத்தான். கடைசி வரிசைப் பக்கம் ஒருமுறை பார்த்தான். திணறுகிறான், அகப்பட்டுக்கொண்டான் என்று அங்கப்பனுக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது. ஒன்பது வருஷத்தில் அப்படி ஒரு சுகம் கிடைத்ததில்லை.

"அனுமானம் போனா இந்தத் தேற்றம் நிக்காதுங்க சார்" என்றான் மயில்சாமி. அப்புறம் மெதுவாக, "ஆனா அந்த ஊட்டுல அப்படி நடக்காதுங்க" என்றான்.

எக்ஸாமினர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "நடக்காதுங்கறது நிரூபணமா? ஒரு சாவி அடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? இந்தத் துறையில இருந்துக்கிட்டு இப்படிப் பேசலாமா நீங்க? இதைத் திருத்தாம நான் கையெழுத்துப் போட முடியாது. ஆறு மாசம் எடுத்துக்குங்க. சாப்பிட்டு வந்து ரிப்போர்ட் எழுதறேன்."

ஆறு மாதம் என்றால் ஜனவரி. செப்டம்பர் போயிற்று, இங்கிலாந்து போயிற்று. சபை கசகசவென்று கலைந்தது. நாலு பேர் அங்கப்பனின் தோளைத் தட்டி, "பிடிச்சீங்க பாருங்க பாயின்டை" என்றார்கள். அவன் தலையாட்டினான்.

ஷேக் பரீத் மட்டும் தோளைத் தட்டவில்லை. "என் ரூமுக்கு வா" என்று முன்னால் நடந்தார். மேஜை இழுப்பறையைத் திறந்து, நூல் போட்டுக் கட்டிய காகிதக் கட்டு ஒன்றை எடுத்து அவன் முன்னால் வைத்தார். முப்பத்தோரு பக்கம். 'அத்தியாயம் ஆறு: நாலாவது அனுமானம் இல்லாமல்.' தேதி, தொண்ணூற்று நாலு மார்ச்.

"மூணு வருஷத்துக்கு முன்னாலயே எழுதிட்டான். தீசிஸ்ல போடமாட்டேன்னு ஒத்தக்கால்ல நின்னான். ஏன்டான்னா, அந்தக் கெணத்துக்காரங்க மனசு நோகும்ங்கறான். எனக்கு அப்பப் புரியல. உங்க கெணத்துல இருக்கற பெட்டியில முதல் நாள்லேருந்து ஓடறது இதுதான். தீசிஸ்ல இருக்கறது இல்ல."

அங்கப்பன் அங்கேயே உட்கார்ந்து படித்தான். யார் கையில் சாவி என்று பெட்டி கவலையே படவில்லை. தண்ணீர் எந்த வாய்க்காலில் ஓடுகிறது என்பதை மிதவை சொல்லும். சித்தப்பாவின் விளக்கு எரியும்போது அப்பாவின் வாய்க்காலில் தண்ணீர் ஓடினால், மூன்று நிமிஷத்தில் மோட்டார் நின்றுவிடும். எத்தனை சாவி வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம். அதில் ஒரு சுகமும் கிடைக்காது. அப்பா சொன்னது இதைத்தான்.

முக்கால் மணி நேரம் படித்தான். சிவப்புப் பேனா கையிலேயே இருந்தது. இருபதாம் பக்கத்தில் ஒரு இடம் சறுக்குவது போல் தெரிந்தது, நெஞ்சு துள்ளியது, இரண்டு தரம் போட்டுப் பார்த்தான், சரியாக இருந்தது. முன்னதைவிட இது அழகு. இப்படி ஒன்றை எழுதி இழுப்பறையில் போட்டு வைக்க ஒருவனால் முடியுமா? தனக்கு இப்படி ஒரு அரைப் பக்கம் வாய்த்திருந்தால், ஊர் முழுக்கத் தண்டோரா போட்டிருப்பானே!

"இதை இன்னைக்கே சேத்துக்கலாமுங்களா சார்?"

"எக்ஸாமினர் ஒத்துக்கிட்டாச் சேக்கலாம். ஏன் மறைச்சீங்கன்னு கேப்பாரு. அவன் வாயைத் தொறக்கமாட்டான்."

ஆனால் மயில்சாமிக்கு எப்படித் தெரியும்? தொண்ணூற்று நாலிலேயே எப்படித் தெரியும்? இது பிடிபடாமல் அங்கப்பன் வெளியே வந்தான். யோசனையில் கை தானாகச் சட்டைப் பைக்குள் போய்ச் சாவியை எடுத்து உருட்டிக்கொண்டிருந்தது. போர்ட்டிகோ படியில் சின்னத்தாயி உட்கார்ந்திருந்தாள். அவனைக் கண்டதும் எழுந்தாள். அவள் பார்வை அவன் கையில் விழுந்தது.

"அந்தச் சாவிங்களா, சின்னப் பண்ணாடி? அது நேராத் திருப்புனாத் திரும்பாதுங்க. பல்லு தேஞ்சுபோச்சு. சித்த மேல தூக்கித் திருப்போணும்."

சொன்ன பிறகுதான் அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அங்கப்பனுக்கு வியாழக்கிழமை மத்தியானங்கள் ஞாபகத்துக்கு வந்தன. அப்பா வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் படுத்து ரேடியோ கேட்டுக்கொண்டிருப்பார். தோப்புப் பக்கமிருந்து மோட்டார் ஓடும் சத்தம் வரும். அப்பா கட்டிலில் இருந்தால் சாவியைத் திருப்பியது யார்? எத்தனை வருஷம் அந்தச் சத்தத்தைக் கேட்டான்! ஒரு தடவைகூட இந்தக் கேள்வி வரவில்லை. சாவியைப் பற்றித் தெரிந்தவர்களை எண்ணியபோதும் இரண்டு பேரோடு எண்ணிக்கையை முடித்துவிட்டான்.

"மயில்சாமியும் கூட வருவானுங்களா?"

"சின்னப் பையனுங்க அப்ப. மாசாணப் பண்ணாடி வந்தாச் சொல்றதுக்கு வரப்புல நிக்க வெப்பனுங்க." அவள் குரல் தணிந்தது. "அவன் இன்னைக்கு அங்க நின்னுகிட்டு என்னைய ஒரு பார்வ பாத்தானுங்க. நானும் தலையத் தலைய ஆட்டுனனுங்க, சொல்லிப்போடாத சாமின்னு. சொல்லலைங்க. பாஸு போட்டிருவாங்களா?"

அங்கப்பன் கமிட்டி ரூமைப் பார்த்து நடந்தான்.

கமிட்டி ரூமில் சாப்பாடு முடிந்து காபி வந்திருந்தது. எக்ஸாமினர் ரிப்போர்ட் காகிதத்தை இழுத்து வைத்து, பேனா மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஷேக் பரீத் மரியாதைக்காகக் கிணற்றுக்காரர்கள் இருவரையும் உள்ளே அழைத்து உட்கார வைத்திருந்தார். மயில்சாமி ஜன்னலோரம் நின்றான். அங்கப்பன் உள்ளே போய்ச் சாவியை மேஜைமேல் வைத்தான்.

"நாலாவது அனுமானம் நான் எழுதிக் கொடுத்ததுங்க சார். அது பொய். இந்த ரெண்டாவது சாவி எங்கப்பாவோடது. மயில்சாமிக்கு முதல்லயே தெரியும். அதுக்கும் சேத்து நிரூபணம் எழுதியிருக்கார். எங்க ஊட்டு மானத்துக்காக வெளிய எடுக்கல." கையோடு கொண்டுவந்த ஆறாம் அத்தியாயத்தைச் சாவிக்குப் பக்கத்தில் வைத்தான்.

"சார், வேண்டாமுங்க" என்றான் மயில்சாமி. முகம் வெளுத்திருந்தது.

மாசாணம் சித்தப்பா காபி டம்ளரைக் கீழே வைத்தார். அரைஞாண் கயிற்றை அவிழ்த்துத் தன் சாவியை எடுத்து, மேஜைமேல் கிடந்ததோடு பல்லுக்குப் பல் ஒட்டிப் பார்த்தார். "எத்தன வருசமாண்ணா?" என்று கேட்டார்.

அப்பா குனிந்த தலையோடு, "எழுவத்தி நாலுலேருந்து" என்றார். அங்கப்பனை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பெற்ற பிள்ளையைப் பார்க்கிற பார்வையாக அது இல்லை.

சித்தப்பா இரண்டு சாவியையும் எடுத்து மடியில் கட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் எழுந்து போனார். சற்றுப் பொறுத்து அப்பாவும் எழுந்தார். சேர்ந்து வந்தவர்கள், தனித்தனி பஸ்ஸில் ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

எக்ஸாமினர் அத்தியாயத்தைப் புரட்டினார். நாலைந்து பக்கம் போனதும் கண்ணாடியை மேலே தூக்கிவிட்டுக்கொண்டார். கடைசிப் பக்கம் வரை போனார், திரும்பி முதலுக்கு வந்தார். "முப்பத்தோரு பக்கம். சாயந்திரம் எனக்கு ரயில். இதை அவரைத் தவிர வேற யாராவது சரி பார்த்திருக்காங்களா?"

"நான் பாத்தேன் சார்" என்றான் அங்கப்பன். "தப்பில்லை."

"எப்ப?"

"இப்பத்தான். முக்கால் மணி நேரம்."

"முக்கால் மணி நேரத்துல பாத்ததை நம்பி நான் கையெழுத்துப் போடணுமா? எப்படிப் பாத்தீங்க?"

அங்கப்பன் ஜன்னலோரம் நின்றவனைப் பார்த்தான். பொறாமை போய்விடவில்லை. முன்னைவிடக் கொழுந்துவிட்டு எரிந்தது.

"ஒவ்வொரு வரியிலயும் தப்பு இருக்கோணும், தப்பு இருக்கோணும்னு வேண்டிக்கிட்டே பாத்தனுங்க சார்" என்றான். "இல்லை."

எக்ஸாமினர் ரிப்போர்ட் காகிதத்தை மறுபடி தன் பக்கம் இழுத்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.